முத்திரையில் இல்லாத பெயர்

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். போன மாதம் இங்கே ஒரு பழம்பொருள் சந்தையில் உள்ளங்கை அளவில் ஒரு சில்லவுட், அதாவது நிழலுருப் படம், வாங்கினேன். வெள்ளைத் தாளில் ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகத்தை வெட்டி எடுத்திருக்கிறார்கள். பின்னால் கறுப்புத் துணி. மார்புக்குக் கீழே 'மியூசியம்' என்று மை இல்லாமல் தாளிலேயே அழுத்திய எழுத்துகள். ஓவியர் சார்லஸ் வில்சன் பீல் தன் கையால் வெட்டியது என்று விற்றவர் சொன்னார். நம்பலாமா? வெட்டியவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

க.

அன்புள்ள க.,

விற்றவர் சொன்னதில் பாதி சரியாக இருக்கலாம். அந்த முத்திரை பிலடெல்பியாவில் பீல் நடத்திய மியூசியத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவதுதான். ஆனால் அது இடத்தின் பெயர். கத்தரி பிடித்த கை பெரும்பாலும் மோசஸ் வில்லியம்ஸ் என்பவருடையது.

பீலின் வீட்டில் அடிமையாக வளர்ந்தவர் அவர். பீல் தன் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தார்; மோசஸுக்குக் கிடைத்தது கத்தரி. 1802-ல், 27 வயதில், அவருக்கு விடுதலை கிடைத்தது. அதே ஆண்டு மியூசியத்துக்கு ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் வடிவமைத்த பிசியோனோட்ரேஸ் என்ற முகக்கோடு வரையும் கருவி வந்தது. அதன் கம்பி உட்கார்ந்திருப்பவரின் நெற்றி, மூக்கு, உதடு, தாடை வழியாக ஊர்ந்துபோகும். மறுமுனையில் உள்ள ஊசி அதே கோட்டை இரண்டு அங்குலத்துக்கும் சிறியதாக்கி, நாலாக மடித்த தாளில் பதிக்கும். அப்புறம் மோசஸ் வெட்டுவார். ஒரே வெட்டில் நான்கு பிரதிகள், கூலி எட்டு சென்ட். முதல் ஆண்டிலேயே 8,000-க்கும் மேல் வெட்டியிருக்கிறார். அந்த வருமானத்தில் சொந்தமாக வீடு வாங்கினார்.

இனி உங்கள் படத்துக்கு வருவோம். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தாளுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட படுக்கை வாக்கில் பிடியுங்கள். முத்திரை மேடுபள்ளமாக எழுந்து தெரியும். பிறகு முகத்தின் ஓரத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஊசி பதித்த நிறமில்லாத கோடு சில இடங்களில் வெட்டுக்கு வெளியே மிஞ்சியிருக்கலாம். நான் முதலில் தேடுவது அதைத்தான். கருவிக்கு மூக்கு தெரியும். காதோரம் பிரிந்து நிற்கும் முடியிழை தெரியாது. அந்த இழை வெட்டியவரின் சொந்தக் கை. மார்பை முடிக்கும் வளைவும் அப்படித்தான், ஆளுக்கு ஒரு பழக்கம். முத்திரையைவிட அந்த வளைவைத்தான் நான் நம்புவேன், ஏனென்றால் பீல் மியூசியத்தின் முத்திரைக்குப் போலிகளும் உண்டு. பழைய தாளில் புதிதாக அழுத்திவிடுவது பெரிய வேலையில்லை.

இந்தக் கோட்டுக்கும் வெட்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் ஒரு பெரிய விவாதமே நடந்திருக்கிறது. பிலடெல்பியா லைப்ரரி கம்பெனி என்ற நூலகத்தில் 1803-ஐச் சேர்ந்த ஒரு நிழலுரு இருக்கிறது. அதில் 'மோசஸ் வில்லியம்ஸ், முகவெட்டுக்காரர்' என்று எழுதியிருக்கும். பீலின் மகன் ரஃபேல் வெட்டியதாக நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். கலை வரலாற்றாளர் க்வெண்டலின் டுபாய்ஸ் ஷா, 2005-ல் வெளியான கட்டுரையில், அது மோசஸ் தானே வெட்டிக்கொண்ட சுயவுருவமாக இருக்கலாம் என்று வாதிட்டார். முடியில் கருவி போட்ட கோட்டை விட்டுக் கத்தரி விலகிப்போயிருக்கிறது. தன் முகம் எப்படித் தெரியவேண்டும் என்று அவரே முடிவு செய்த இடம் அது என்றுதான் எனக்கும் படுகிறது. அதை நினைத்தாலே மனம் நெகிழ்ந்துவிடுகிறது.

எல்லாரும் இவரைப் போல மறைந்துபோகவில்லை. பிரெஞ்சுக்காரர் ஆகுஸ்த் எதுவார் கருவியே இல்லாமல், கறுப்புத் தாளில் முழு உருவத்தை வெட்டி ஒட்டியவர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதியை எடுத்து, பெயர், ஊர், தேதியோடு ஆல்பத்தில் வைத்தார். 1849-ல் அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது கெர்ன்ஸி தீவருகே கப்பல் உடைந்து பெரும்பகுதி கடலில் போயிற்று. மிஞ்சியவற்றை வைத்தே இன்றும் பலரை அடையாளம் காண்கிறார்கள். இன்னொரு நிழலுரு வெட்டுக்காரரான வில்லியம் பேச் வைத்திருந்த பேரேட்டிலும் 1,800 முகங்கள் அளவுக்கு இருக்கின்றன. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தார் சோதித்தபோது அதன் தாளில் ஆர்சனிக் இருந்தது. அதனால் சொல்கிறேன், பழைய தாளைத் தொட்டால் கையைக் கழுவுங்கள். பிரேமை நீங்களே பிரிக்கவும் வேண்டாம்.

பின்பக்கம் அந்தப் பெண்ணின் பெயர் என்று ஏதாவது எழுதியிருந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். பேரப்பிள்ளைகள் ஞாபகத்தில் எழுதியதாக இருக்கும். கறுப்புத் துணியும் பிற்பாடு மாற்றியதாக இருக்கலாம்.

டார்ச் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், பார்க்கிறேன். கோடும் வளைவும் முத்திரையும் ஒத்துவந்தால், ஒரு சிறு அட்டையில் இப்படி எழுதிப் படத்தோடு வையுங்கள்: 'பீல் மியூசியம், பிலடெல்பியா. வெட்டியவர் அநேகமாக மோசஸ் வில்லியம்ஸ்.'