ஏறத்தாழ 152,184 பேர்

அன்புள்ள அண்ணா,

டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். நம் முன்னோர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்த கதையைச் சொல்லும் ஒரு சின்ன ஆங்கிலக் கையேட்டைப் பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 1860 முதல் 1911 வரை 'அப்ராக்ஸிமேட்லி 152,184' பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள் என்று அதில் இருந்தது. நான் 'ஏறத்தாழ 152,184 பேர்' என்று எழுதினேன். வகுப்பில் வாசித்தபோது பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி, "ஏறத்தாழன்னா அந்தக் கடைசி நாலு பேரை மட்டும் எப்படி மேம் எண்ணினாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. வீட்டுக் கூரை மாற்ற ஒருவரிடம் மதிப்பீடு கேட்டேன். தொகைக்குப் பக்கத்தில் 'வெரி அப்ராக்ஸிமேட்' என்று எழுதிக் கொடுத்தார். மிக நெருக்கமான தொகை என்று நினைத்துச் சரி சொல்லிவிட்டேன். பில் வந்தபோது பாதிக்குப் பாதி கூடியிருந்தது. தப்பு என்னுடையதா, அவருடையதா? ஏறத்தாழ, சுமார், கிட்டத்தட்ட, தோராயம் எல்லாமே ஒன்றுதானா?

ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தப் பெண்ணை வகுப்புத் தலைவியாக்குங்கள். விழா மலர்களிலும் மேடைப் பேச்சுகளிலும் இதே எண்ணை எத்தனை முறை கேட்டிருப்போம், நமக்கு ஏன் இந்தக் கேள்வி வரவில்லை என்று எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

152,184 என்பது எண்ணி வந்த எண். கப்பல் கப்பலாகப் பட்டியல் போட்டார்கள், ஆளுக்கு ஒரு காலனி நம்பர் கொடுத்தார்கள், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், சாதி எல்லாம் பேரேட்டில் ஏறியது. பெயரைக் கண்டபடி எழுதினார்கள், ஊரைக் கடித்துத் துப்பினார்கள், ஆனால் தலைக்கணக்கில் மட்டும் கவனமாக இருந்தார்கள், ஏனென்றால் ஒவ்வொரு தலைக்கும் கரும்புத் தோட்டக்காரன் காசு கட்ட வேண்டும். அப்படி ஒன்றாம் தானம் வரைக்கும் கூட்டி வந்த எண்ணுக்கு முன்னால் 'அப்ராக்ஸிமேட்லி' போட்டால், கணக்கர் கொடுத்ததை நாம் கலைக்கிறோம். ஒன்று, சொல்லை எடுத்துவிட்டு 152,184 என்று எழுதுங்கள். இல்லையா, சொல்லை வைத்துக்கொண்டு 'ஏறத்தாழ ஒன்றரை லட்சம்' என்று எழுதுங்கள். இரண்டும் சரி, சேர்த்தால்தான் தப்பு. ஆங்கிலத்திலும் அது தப்புதான், உங்கள் தமிழாக்கத்தில் புதிதாக முளைத்ததல்ல.

ஆனால் இந்தச் சொல் வந்தாலே சோம்பேறித்தனம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு உடைத்துக்கொண்டு டின் டவுன் குடியிருப்புக்குள் புகுந்தபோது, மீன்பிடிக்கும் நம் ஆட்கள் ஆறு பேர் படகில் போய் மக்களை இழுத்துக் கரை சேர்த்தார்கள். படவட்டான் ஆறு பேர் என்று டர்பனில் இன்றும் சொல்கிறோமே, அவர்கள்தான். எத்தனை பேரைக் காப்பாற்றினார்கள்? ஓரிடத்தில் 175 என்றும் இன்னோரிடத்தில் 176 என்றும் வரும். அந்த வெள்ளத்தில் பேரேடு வைத்துக்கொண்டு யார் எண்ணுவது? அங்கே 'ஏறத்தாழ 175 பேர்' என்று எழுதுவதுதான் நேர்மை, 'மிகச் சரியாக' என்று எழுதினால்தான் பொய். உங்கள் கையேட்டில் இந்தக் கதையும் இருக்கும் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் சேருங்கள், பிள்ளைகளுக்குக் கப்பலைவிடப் படகு பிடிக்கும்.

சரி, கூரைக்கு வருவோம். 'அப்ராக்ஸிமேட்' என்ற சொல்லின் வேர் லத்தீன். 'ப்ராக்ஸிமுஸ்' என்றால் மிக அருகில் உள்ளது. அதன் மேல் கட்டிய சொல்லுக்கு அருகே வருதல் என்று பொருள். இன்ஷூரன்ஸ்காரர்கள் 'ப்ராக்ஸிமேட் காஸ்' என்பார்களே, நட்டத்துக்கு நேரடியான முக்கியக் காரணம், அதுவும் இந்தக் குடும்பம்தான். நீங்கள் வேரைப் பார்த்துப் பொருள் எடுத்தீர்கள்: அருகில் என்பது நெருக்கம், 'வெரி' போட்டால் இன்னும் நெருக்கம். நியாயமான கணக்கு, ஆனால் வழக்கு அந்தப் பக்கம் போகவில்லை. அருகே வந்தான் என்று சொன்னாலே வந்து சேரவில்லை என்றும் ஆகிறதல்லவா? ஆங்கிலம் பிடித்துக்கொண்டது அந்த 'சேரவில்லை'யை. அதனால் 'வெரி அப்ராக்ஸிமேட்' என்றால் சேராத தூரம் ரொம்ப அதிகம், ஆகவே இதை நம்பி உட்கார்ந்துவிடாதே என்று பொருள். உண்மையிலேயே நெருக்கமானதைச் சொல்ல 'க்ளோஸ் அப்ராக்ஸிமேஷன்' என்று தனியாகச் சொல்வார்கள். நம் ஊரில் இதற்கு அழகான சொல் இருக்கிறது, குத்துமதிப்பு. அவர் 'குத்துமதிப்பாகச் சொல்கிறேன்' என்று தமிழில் சொல்லியிருந்தால் நீங்கள் உடனே உஷாராகியிருப்பீர்கள். எனவே தீர்ப்பு: அவர் சொல்லைச் சரியாகப் போட்டார், தொகையைத்தான் தப்பாகப் போட்டார். பாதிக்குப் பாதி கூடுகிற தொகைக்கு எந்தச் சொல்லும் குடை பிடிக்க முடியாது. அடுத்த தடவை 'எவ்வளவுக்கு மேல் போகாது?' என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

உச்சரிப்பையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். பெயரடையாக வரும்போது கடைசி அசை சுருங்கி 'அப்ராக்ஸிமட்' என்பதுபோல ஒலிக்கும், வினையாக வரும்போதுதான் 'மேட்' என்று நீளும்.

தமிழ்ச் சொற்கள் எல்லாம் ஒன்றுதானா என்றால், இல்லை. எனக்குப் பிடித்தது ஏறத்தாழ. ஏறவும் செய்யலாம், தாழவும் செய்யலாம் என்று இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இதை வகுப்பில் விளக்க நம் காம்ரேட்ஸ் மாரத்தான் போதும். 1921இல் தொடங்கிய ஓட்டம். டர்பனிலிருந்து மாரிட்ஸ்பர்க் போனால் ஏறும் ஓட்டம், அங்கிருந்து இங்கே வந்தால் இறங்கும் ஓட்டம். தூரம் எவ்வளவு என்று கேட்டால் 90 கிலோமீட்டர் என்போம், ஆனால் ஏறும் வருஷம் 87 வாக்கில் இருக்கும், இறங்கும் வருஷம் 90ஐ ஒட்டி வரும், பாதையில் எங்காவது வேலை நடந்தால் அதுவும் மாறும். ஏறத்தாழ 90 என்பதற்கு இதைவிடப் பொருத்தமான 90 உலகத்தில் கிடைக்காது! சாதாரண மாரத்தான் அப்படியில்லை, 42.195 கிலோமீட்டர், அதன் முன்னால் ஏறத்தாழ போட முடியாது.

கிட்டத்தட்ட வேறு ரகம். கிட்ட என்பது லத்தீன்காரனின் அதே 'அருகில்'. ஆனால் எண் இல்லாத இடத்திலும் அது வரும்: வேலை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அங்கே ஆங்கிலத்தில் 'ஆல்மோஸ்ட்' வரும், 'அப்ராக்ஸிமேட்லி' வராது. தமிழில் 'சுமார் முடிந்துவிட்டது' என்றோ 'தோராயமாக முடிந்துவிட்டது' என்றோ சொன்னால் பிள்ளைகளே சிரிப்பார்கள். சுமார் பாரசீகத்திலிருந்து வந்தது, அங்கே அதற்கு எண்ணிக்கை என்று பொருள். எண்ணிக்கை நம்மிடம் வந்து எண்ணாமல் சொல்வதாகிவிட்டது, அதுவும் போதாதென்று 'சமையல் சுமார்' என்று மட்டம் தட்டவும் உதவுகிறது. தோராயம் கணக்குப் பாடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு என்றதும் ஆரியபட்டர் ஞாபகம் வருகிறார்: 499இல், விட்டம் 20,000 உள்ள வட்டத்தின் சுற்றளவு 62,832 என்று எழுதிவிட்டு, அதற்கு 'ஆசன்ன' என்ற சொல்லையும் வைத்தார். ஆசன்ன என்றால் அருகில் உள்ளது. வகுத்துப் பார்த்தால் 3.1416 வரும், நாலு தசமம் வரைக்கும் பிசகாத விடை, அதற்கே மனுஷன் அருகில்தான் வந்திருக்கிறேன் என்று எழுதிவைத்திருக்கிறார்.

சொல்லே இல்லாமலும் நாம் இதைச் செய்வோம். நாலைந்து, பத்துப் பதினைந்து. 'ஒரு பத்து பேர் வருவாங்க' என்றால் அந்த 'ஒரு' வந்த மாத்திரத்தில் பத்து இளகி எட்டாகவும் பன்னிரண்டாகவும் ஆகிவிடுகிறது. அதனால்தான் 'சுமார் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் அளவில்' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும், ஒரு வாசலுக்கு நாலு பூட்டு எதற்கு? நேரத்தைப் பற்றி நான் பேசவே போவதில்லை, 'ஜஸ்ட் நவ்' வருகிறேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் வருகிற நாட்டில் இருக்கிறோம்.

கையேடு அச்சுக்குப் போகுமுன் ஒன்று மட்டும் பாருங்கள். முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது 1860 நவம்பர் 16. அந்தத் தேதிக்கு முன்னாலும் யாராவது 'ஏறத்தாழ' போட்டிருக்கப் போகிறார்கள்.

அன்புடன்,
அண்ணன்