வீட்டு முற்றத்தில் வைக்கும், உள்ளே விளக்கெரியும் பழைய பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் பொம்மைகளை எப்படிச் சரிசெய்து பாதுகாப்பது?

அமெரிக்காவில் வாங்கிய பழைய வீட்டின் பேஸ்மென்ட்டில் ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா, ஒரு பனிமனிதன், இரண்டு ஆளுயர மெழுகுவர்த்திகள் கிடைத்தன, பெயின்ட் உரிந்து அழுக்கேறிக் கிடக்கின்றன, தூக்கிப் போடுவதா சரிசெய்வதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தூக்கிப் போடாதீர்கள். ஆனால் இதைப் படித்து முடிக்கும்வரை எதையும் தேய்க்கவும் வேண்டாம். நான் தேய்த்துவிட்டுத்தான் படித்தேன். அதன் பலனை எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் தாத்தா முகத்தில் இன்றும் பார்க்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இங்கே இவற்றை ‘புளோ மோல்ட்’ என்பார்கள். பெயர்தான் புதிது, பொருள் நமக்குப் பழக்கமானது. நம் ஊர் பிளாஸ்டிக் குடம் செய்கிற அதே முறைதான். உருகிய பிளாஸ்டிக்கைக் குழாய் மாதிரி இறக்கி, இரண்டு பாதி அச்சுகளை அதன்மேல் மூடி, உள்ளே காற்றை ஊதுவார்கள். பிளாஸ்டிக் உப்பி அச்சின் சுவரில் போய் அப்பிக்கொள்ளும். ஆறியதும் அச்சைத் திறந்தால் உள்ளே கூடாக ஒரு பொம்மை. உங்கள் தாத்தாவின் காதோரமாகத் தலையிலிருந்து கால்வரை ஒரு கோடு ஓடும், பாருங்கள். குடத்தின் பக்கவாட்டிலும் அந்தக் கோடு இருக்கும். இரண்டு அச்சும் சேர்ந்த இடம் அது.

பிளாஸ்டிக்கும் பெரும்பாலும் அதேதான்: பாலிஎத்திலீன். இதன் முக்கியமான குணம், இதன்மேல் எதுவும் எளிதில் ஒட்டாது. பசை ஒட்டாது, டேப் நாளாக ஆகக் கழன்றுவிடும், சாதாரண பெயின்ட் தோல்போல உரிந்துவரும். தொழிற்சாலைகளில் இந்த மாதிரிப் பிளாஸ்டிக்கில் பெயின்ட் பிடிக்க, மேற்பரப்பை நெருப்புச் சுடரால் ஒரு கணம் வருடிவிட்டுப் பிறகு அடிப்பது வழக்கம். அந்த வசதி நமக்குக் கிடையாது. அதனால் பொம்மையில் இன்னும் மிஞ்சியிருக்கும் பழைய பெயின்ட் நீங்கள் அடிக்கப்போகும் எந்தப் பெயின்ட்டையும் விட நன்றாகப் பிடித்திருக்கிறது. அதைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. கீழே சொல்லப்போவது எல்லாமே இதிலிருந்து வருகிறது.

வேலைக்கு முன் பொம்மையைக் கவிழ்த்து அடிப்பாகத்தையும் முதுகையும் பாருங்கள். செய்த கம்பெனியின் பெயர் அச்சிலேயே பதிந்திருக்கும். எம்பயர் என்றிருந்தால் வட கரோலினாவின் டார்பரோ, ஜெனரல் ஃபோம் என்றிருந்தால் வர்ஜீனியா, யூனியன் புராடக்ட்ஸ் என்றிருந்தால் எங்கள் மாசசூசெட்ஸின் லெமின்ஸ்டர். (ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து ‘லியோமின்ஸ்டர்’ என்று சொல்லி நான் முதல் வருஷமே சிரிப்புக்கு ஆளானேன்.) அந்த ஊர் மாட்டுக் கொம்பில் சீப்பு செய்து பிழைத்த ஊர். கொம்பு போய் செல்லுலாய்ட் வந்தது, பிறகு பிளாஸ்டிக் வந்தது, சீப்புக்காரர்கள் பொம்மைக்காரர்கள் ஆனார்கள். அமெரிக்கப் புல்வெளிகளில் இரண்டு கம்பிக்கால்களில் நிற்கும் இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் பூநாரை (ஃபிளமிங்கோ) பிறந்ததும் அங்கேதான். 1957-இல் டான் ஃபெதர்ஸ்டோன் என்ற சிற்பி யூனியன் புராடக்ட்ஸுக்காக அதை வடிவமைத்தார். 1996-இல் அதற்காக அவருக்குக் கலைப் பிரிவில் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள், நோபலைக் கேலிசெய்யும் அந்தப் பரிசுதான். 2006-இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது.

ஒரு எச்சரிக்கை. அடியில் ஆண்டு போட்டிருந்தால் அது அந்த வடிவத்துக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) போட்ட ஆண்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரே அச்சு பல வருஷம் ஓடியிருக்கும். ‘1968’ என்று பார்த்துவிட்டு உங்கள் பொம்மைக்கு அத்தனை வயது என்று முடிவு கட்டாதீர்கள்.

சரி, சுத்தம் செய்வது. முதலில் விளக்கை ஹோல்டரோடு கழற்றி எடுங்கள். பிறகு உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். எலிக்கூடு, குளவிக்கூடு, காய்ந்த இலை, ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். என் பனிமனிதனின் வயிற்றில் யாரோ சேமித்துவைத்த ஓக் மரக்கொட்டைகள் ஒரு படி இருந்தன. எலிப்புழுக்கை இருந்தால் அப்படியே காய்ந்த நிலையில் தட்டாமல், கையுறையும் முகக்கவசமும் போட்டு, கிருமிநாசினியால் நனைத்துவிட்டு அள்ளுங்கள். அப்புறம் வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் லிக்விட் நாலு சொட்டு, மெல்லிய துணி. இவ்வளவுதான் தேவை. பனியன் துணி நல்லது. பெயின்ட் உள்ள இடத்தில் ஒற்றி எடுங்கள். பெயின்ட் இல்லாத வெள்ளைப் பகுதியில் மட்டும் கொஞ்சம் அழுத்தலாம்.

அந்த வெள்ளை மேஜிக் ஸ்பாஞ்ச் இருக்கிறதே, அதைக் கையில் எடுக்காதீர்கள். அது பார்க்கத்தான் பஞ்சு, உண்மையில் மிக நைசான உப்புத்தாள். தாத்தாவின் நெற்றியில் பாசி மாதிரி ஒரு கறை இருந்தது. நாலு இழு இழுத்தேன். கறை போனது, இடது புருவமும் போனது. அசிட்டோன், தின்னர் இவையும் அப்படியே. பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது, பெயின்ட்டை வழித்துக்கொண்டு போய்விடும். பிரஷர் வாஷரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பெயின்ட் செதில் செதிலாக உரிகிற பழைய பொம்மை என்றால் உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்க வேண்டாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டிலும் பொம்மைப் பெயின்ட்டிலும் ஈயத்துக்குத் தடை வந்தது 1978-இல். அதற்கு முந்தியது என்று தோன்றினால், குறிப்பாக வீட்டில் குழந்தை இருந்தால், முதலில் ஈயம் இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள். தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள்.

அடுத்தது நசுங்கல். இது எளிது. ஹேர் டிரையரை ஓர் அடி தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே சூடு காட்டுங்கள், அல்லது உள்ளே சுடுநீரை ஊற்றிச் சில நிமிஷம் விடுங்கள். பிளாஸ்டிக் இளகியதும் விளக்குத் துளை வழியாகக் கரண்டிக் காம்பில் துணி சுற்றி உள்ளிருந்து தள்ளினால் மேலே வந்துவிடும். அப்படியே பிடித்துக்கொண்டு குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். பல நசுங்கல்கள் சூடு பட்டதும் தானாகவே எழும்பிவிடும். ஹீட் கன் வேண்டாம், இந்தப் பிளாஸ்டிக் சுமார் 130 டிகிரி செல்சியஸில் உருகிவிடும்.

விரிசல்தான் கஷ்டம். என் மெழுகுவர்த்தியின் அடியில் ஒரு சாண் நீளத்துக்குப் பிளவு. சூப்பர் குளூ போட்டேன், மறுநாள் கண்ணாடித் துண்டுபோல் உதிர்ந்தது. எப்பாக்சி போட்டேன், அது ஒரு குளிர்காலம் தாங்கியது. பிறகுதான் சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு வந்த ஆள் ஞாபகம் வந்தது. ‘குடம் ஒட்டறது, பக்கெட் ஒட்டறது’ என்று கத்திக்கொண்டு வருவார். அவர் கையில் பசையே இருக்காது. ஒரு சின்ன அடுப்பு, அதில் பழுக்கிற ஓர் இரும்புத் தகடு, ஒரு சாக்கு நிறைய உடைந்த பிளாஸ்டிக். குடம் நீலம் என்றால் நீலத் துண்டைத் தேடி எடுத்து, தகட்டால் இரண்டையும் ஒன்றாக உருக்கி இழுத்துவிடுவார். ஒட்டுப் போட்ட இடம் தழும்பு மாதிரி இருக்கும், ஆனால் ஒரு சொட்டு ஒழுகாது. எங்கள் அம்மா அவரை ‘ஏம்ப்பா, போன தடவை ஒட்டினது இன்னும் நிக்குது’ என்றுதான் வரவேற்பார்.

அதைத்தான் நான் இங்கே சால்டரிங் அயர்னை, அதாவது மின்கம்பிகளைப் பற்றவைக்கும் சூட்டுக்கோலை, வைத்துச் செய்தேன். ஒட்டுக்கு வேண்டிய பிளாஸ்டிக் உங்கள் வீட்டுக் குப்பையிலேயே கிடைக்கும். ஒரு கேலன் பால் கேனின் அடியைப் பாருங்கள், முக்கோணத்துக்குள் 2 என்று போட்டிருக்கும். அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீனுக்கான எண் அது. கேன் வெளிச்சம் ஊடுருவும் வெளிர் நிறம் என்பதால் பொம்மையின் வெள்ளைப் பகுதிக்குச் சரியாகப் பொருந்தும். சிவப்பு, நீலம் வேண்டுமென்றால் சலவை லிக்விட் பாட்டில்கள் இருக்கின்றன, அவற்றிலும் பெரும்பாலும் அதே 2.

விரிசலின் இரு முனையிலும் முதலில் பொடித் துளை ஒன்று போடுங்கள், அதற்கு மேல் ஓடாது. பிறகு வெப்பம் குறைத்துவைத்த அயர்னால் விரிசலின் இரு உதடுகளையும் சிறு சிறு தையல்போல் குறுக்கே உருக்கிச் சேருங்கள். அதன்மேல் பால் கேனிலிருந்து வெட்டிய நாடாவை வைத்து உருக்கித் தடவுங்கள். முடிந்தால் உள்பக்கமாக, முடியாவிட்டால் முதுகுப்பக்கமாக. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், புகை நல்லதல்ல. முதல் தடவையே பொம்மைமேல் கை வைக்காமல், இரண்டு பால் கேன் துண்டுகளை ஒட்டிப் பழகுங்கள். நான் மூன்று கேன்களை ஓட்டையாக்கிய பிறகுதான் கை பழகியது. வெயிலில் கிடந்து சுண்ணாம்பு மாதிரி வெளிறி, அழுத்தினால் பொரபொரவென்று உடைகிற பிளாஸ்டிக்கை மட்டும் எதுவும் செய்ய முடியாது.

இனி பெயின்ட். முழுதாக வழித்துவிட்டுப் புதிதாக அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முக்கால்வாசி பெயின்ட் நன்றாக இருந்தால் போன இடத்தை மட்டும் தொடுங்கள். பழைய பெயின்ட் பிடித்த அளவுக்கு வேறு எதுவும் பிடிக்காது, சேகரிப்பவர்களும் அதைத்தான் விரும்புகிறார்கள். தொடுமுன் அந்த இடத்தைக் கழுவி, ஸ்பிரிட்டை (மருந்துக்கடை ரப்பிங் ஆல்கஹால்) பஞ்சில் நனைத்துப் பழைய பெயின்ட்டில் படாமல் துடைத்து, பிளாஸ்டிக்குக்கான ஒட்டுப்பிடிப்பு பிரைமரை மெல்லிசாக அடியுங்கள். அதன்மேல் பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் ஸ்ப்ரே பெயின்ட். கண், உதடு போன்ற சின்ன இடங்களுக்கு ஸ்ப்ரேயை ஒரு மூடியில் பீய்ச்சி நுனித் தூரிகையால் தொட்டு வைக்கலாம்.

பலரும் தவறவிடுவது ஒன்று. இது பகலில் பார்க்கிற பொம்மை இல்லை, இரவில் உள்ளிருந்து ஒளிர்கிற பொம்மை. பகலில் அழகாகத் தெரிகிற கெட்டிச் சிவப்பு, விளக்குப் போட்டால் கருப்பாகத் தெரியும். அதனால் உள்ளே எல்இடி பல்பை எரியவிட்டு, அறையை இருட்டாக்கி, ஒவ்வொரு மெல்லிய பூச்சுக்கும் பிறகு பாருங்கள். வெளிச்சம் திட்டுத்திட்டாக வராமல் ஒரே சீராக வந்ததும் நிறுத்திவிடுங்கள். வெள்ளையாக விட்ட தாடிக்கும் ரோமக் கரைக்கும் பெயின்ட்டே வேண்டாம். அங்கே எரிவது பிளாஸ்டிக்கின் சொந்த நிறம்.

மின்சாரத்தில் மட்டும் பழமையைப் பார்க்காதீர்கள். பழைய வயரை மடக்கிப் பார்த்தால் உறை விரிசல் விடலாம். அப்படி இருந்தால் யோசிக்காமல் முழு செட்டையும் மாற்றிவிடுங்கள். பெரிய பொம்மைக்கு ஹோல்டர், வயர், பிளக் சேர்ந்தே கிடைக்கும். சின்னவற்றில் 5 அல்லது 7 வாட் சி7 என்ற சின்ன பல்ப், பெரியவற்றில் சாதாரண வீட்டு பல்ப் அளவில் 25 அல்லது 40 வாட் போடுவது பழைய வழக்கம். என் தாத்தாவின் பின்னந்தலையில் கைரேகை மாதிரி ஒரு பழுப்பு வட்டம் இருக்கிறது. யாரோ பெரிய பல்பைப் போட்டு, அது சாய்ந்து சுவரில் பட்டிருக்கிறது. எல்இடி போட்டால் இந்தக் கவலை குறையும். வெள்ளை ஒளி வேண்டாம், 2700 கெல்வின் மஞ்சள் ஒளி வாங்குங்கள். நீல வெள்ளையில் தாத்தா காய்ச்சல்காரர் மாதிரி தெரிவார். வெளியே செருகும் பிளக் பாயின்ட் மின்கசிவைக் கண்டதும் துண்டித்துக்கொள்ளும் ஜிஎஃப்சிஐ வகையாக இருக்கட்டும். அடியில் நீர் வடிகிற துளையை அடைக்காதீர்கள்.

நிற்க வைக்க உள்ளே எடை வேண்டும். தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும், காலையில் பொம்மை பிளந்து கிடக்கும். உலர்ந்த மணலையோ கூழாங்கல்லையோ ஜிப் பையில் போட்டு உள்ளே இறக்குங்கள், எடுப்பதும் சுலபம். காற்று அதிகம் என்றால் பின்னால் ஓர் இரும்புக் கம்பியை அடித்து, கழுத்தில் கட்டாமல் இடுப்பில் கட்டுங்கள்.

ஜனவரி முதல் வாரத்திலேயே உள்ளே எடுத்துவிடுங்கள். மார்ச் வரை விட்டுவைக்கிற வீடுகளில் சிவப்பு முதலில் வெளுக்கும். துடைத்து, நன்றாகக் காயவைத்து, கொலு பொம்மையைக் கட்டிவைக்கிற மாதிரியே பழைய வேட்டியிலோ பெட்ஷீட்டிலோ சுற்றிவிடுங்கள். செய்தித்தாள் மை ஒட்டும், பப்பிள் ராப் பெயின்ட்டில் குமிழ் குமிழாகத் தடம் விடும். கோடையில் பரண் அடுப்பாகக் கொதிக்கும், அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கோணிப்போகும். பேஸ்மென்ட்தான் நல்ல இடம். உங்களுக்கு அங்கேயே கிடைத்தது அதிர்ஷ்டம்.

அந்தப் புருவத்தை மூன்று தடவை வரைந்து பார்த்தேன். முதலில் அவர் ஆச்சரியப்பட்டார், பிறகு கோபப்பட்டார், மூன்றாவதில் யாரையோ சந்தேகப்பட்டார். ‘விடுங்க, இது அதைவிட மோசமா இருக்கு’ என்று மனைவி துடைத்துவிட்டாள். இப்போது டிசம்பரில் அவரை வேலியோரமாக, இடது கன்னம் செடிக்குள் இருக்கும்படி கொஞ்சம் திருப்பி நிறுத்துகிறேன்.