பழைய ஹோண்டா 125: கிளட்ச் சத்தம் குறித்து

பர்மாவின் பெகுவிலிருந்து எழுதிய அன்பருக்கு வணக்கம். நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது கடகடவென்று ஒலிப்பதாகவும், கிளட்ச்சைப் பிடித்தவுடன் அது அடங்கிவிடுவதாகவும் சொல்லியிருந்தீர்கள். பிடிக்கும்போது சத்தம் எழுந்திருந்தால் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகித்திருப்பேன். அடங்குகிறது என்பதால், கிளட்ச் தட்டுகளை உள்ளடக்கிய கூடையின் பின்புறமுள்ள பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளோ அதிர்வு தாங்கிகளோ தளர்ந்திருக்கவேண்டும், அல்லது கியர்பாக்ஸ் பேரிங் தேய்ந்திருக்கவேண்டும். முதலில் ஆயிலை வடித்து, உலோகத் துகள் மின்னுகிறதா என்று பாருங்கள். பிறகு கிளட்ச் மூடியைக் கழற்றி, கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பல்சக்கரத்தைத் திருகும்போது அது தனியே ஆடினால், கூடையையே மாற்றிவிடுங்கள். ரிவெட்டின்மேல் வெல்டிங் வைக்கும் பழக்கத்தை நான் ஒப்புவதில்லை. ரங்கூன் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால், அங்கே அலைவதைவிட உங்கள் ஊர் மெக்கானிக்கிடமே காட்டுங்கள். புது ஆயில், மோட்டார் சைக்கிளுக்கென்று வகுத்த ஜாசோ எம்ஏ (JASO MA) தரத்தில் இருக்கட்டும். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் தட்டுகள் வழுக்கக்கூடும்.