எங்கள் பட்டாக் காட்டை அண்ணன் விற்கலாமா?

கேள்வி: கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடி பக்கம் எங்கள் அப்பா பெயரில் 9 ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. 3 ஏக்கரில் காபி. மீதி 6 ஏக்கர் தாத்தா காலத்திலிருந்து வெட்டாமல் விட்ட காடு. அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா, அண்ணன், நான் மூவரும் வாரிசுகள். காட்டை மட்டும் ரிசார்ட் கட்டும் ஒருவருக்கு விற்க அண்ணன் அட்வான்ஸ் வாங்கிவிட்டு, என்னிடம் பவர் பத்திரத்தில் கையெழுத்து கேட்கிறார். எனக்கு விற்க மனமில்லை. காற்றில் விழுந்து கிடக்கும் மரங்களை எடுக்கலாமா? தேன் எடுக்க வரும் பளியர் பழங்குடியினரால் பின்னால் உரிமைப் பிரச்சினை வருமா?

பதில்: முதலில், பவரில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் அண்ணன் தன் பங்குக்கு மேல் விற்க முடியாது. இது அப்பாவின் தனிச் சொத்து என்றால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூவருக்கும் சம பங்கு.

மூவரும் சேர்ந்து விற்க நினைத்தாலும் ஒரு தடை இருக்கலாம். 1949-ஆம் ஆண்டு தமிழ்நாடு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு. 2 ஹெக்டேருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 5 ஏக்கருக்கு மேல், தொடர்ச்சியாக உள்ள தனியார் காட்டை ஆட்சியர் தலைமையிலான குழு மாவட்ட அரசிதழில் காடு என அறிவிக்கலாம். அப்படி அறிவித்த பிறகு குழுவின் முன் அனுமதி இல்லாமல் அதை விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. மீறி எழுதிய பத்திரம் செல்லாது. "கொஞ்சம் வெட்டித் தோட்டமாக்கிவிட்டால் காடு என்ற பெயர் போய்விடும்" என்று தரகர்கள் சொல்வார்கள். போகாது. ஒரு பகுதியில் மரம் வெட்டப்பட்டதாலோ பயிர் வைத்ததாலோ மட்டும் அது காடு இல்லை என்று ஆகிவிடாது. சட்டத்தை எழுதியவர்கள் இந்தத் தந்திரத்தை அப்போதே யோசித்து வைத்திருக்கிறார்கள்.

உங்கள் 6 ஏக்கர் இந்த அறிவிப்பில் இருக்கிறதா என்பதுதான் இப்போது தெரிய வேண்டியது. வில்லங்கச் சான்றிதழைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அதில் இது வர வேண்டும் என்பதில்லை. கிராம நில விவரங்கள் உள்ள அ-பதிவேட்டின் குறிப்புப் பத்தியைப் பாருங்கள். அப்புறம் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கும் மாவட்ட வன அலுவலகத்துக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அறிவிப்பில் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ரிசார்ட் அவ்வளவு சுலபமில்லை. நம் கூடலூரில் நடந்த மரவெட்டிலிருந்து கிளம்பிய கோதவர்மன் வழக்கில், 12.12.1996 அன்று உச்ச நீதிமன்றம், காடு யாருக்குச் சொந்தம் என்பது முக்கியமில்லை, அகராதிப்படி காடாக இருந்தாலே 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்றது. 2023-இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த திருத்தம் இந்த வரையறையைச் சுருக்கியது. ஆனால் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில், பழைய விளக்கத்தையே இப்போதைக்குத் தொடரச் சொன்னது. அந்த விளக்கத்துக்குள் உங்கள் நிலம் வந்தால், அதில் கட்டடம் கட்ட மத்திய அரசின் அனுமதி வேண்டும். கிராமம் ஹாக்கா (மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமம்) பட்டியலில் இருந்தால் அந்தக் குழுமத்தின் ஒப்புதலும் தனியாக வேண்டும். வாங்குபவருக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது. அப்படியும் பவர் மூலம் வாங்கப் பார்க்கிறார் என்றால், சிக்கலை உங்கள் தலையில் வைத்துவிட்டு நகரப் பார்க்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. அண்ணன் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து, ஒப்பந்தத்தை எழுத்துமூலம் ரத்து செய்வது நல்லது. தாமதித்தால் வாங்குபவர் பணம் கேட்டு வழக்குப் போடலாம்.

விழுந்த மரம்: காய்ந்ததையும் தானாக விழுந்ததையும் எடுக்க 1949 சட்டம் தடை போடவில்லை. வீட்டுத் தேவைக்கும் விவசாயக் கருவி செய்யவும் வழக்கமாக எடுப்பதற்கும் விலக்கு உண்டு. ஆனால் அறுப்பதற்கு முன்பு வேரோடு சாய்ந்து கிடப்பது தெரியும்படி படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் வனவருக்கும் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் விழுந்ததா, வெட்டியதா என்ற கேள்வி வரும். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், 1955 உங்கள் ஊருக்குப் பொருந்தினால், நிற்கும் மரத்தை அனுமதியின்றி வெட்டுவது குற்றம். லாரியில் ஏற்றி வெளியே அனுப்புவதென்றால் மர வகையைப் பொறுத்து வனத்துறையின் போக்குவரத்து அனுமதிச் சீட்டும் தேவைப்படும்.

பளியர்களை நிறுத்த வேண்டாம் என்பது என் கருத்து. அவர்கள் தேன் எடுப்பதால் நிலம் கைமாறிவிடாது. பக்கத்து அரசு காப்புக் காட்டில் 2006 வன உரிமைச் சட்டப்படி சமூக உரிமை கோர அவர்களுக்கு வழி இருக்கிறது. அது வேறு விஷயம். உங்கள் பட்டாவில் பல ஆண்டுகளாக உரிமை என்ற நிலையில் எடுத்து வந்திருந்தால், வழக்கத்தால் வந்த உரிமை என்று அவர்கள் வாதிட இடமுண்டு. அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அவர்களோடு உட்கார்ந்து பேசி, எந்தப் பருவத்தில் எதை எடுப்பது என்று ஒரு எளிய ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். அறிவிக்கப்பட்ட காடாக இருந்தாலும், மரம் தவிர்த்த தேன், கடுக்காய், சீயக்காய் போன்றவற்றைச் சேகரிக்கும் உரிமையை வழக்கமான முறையில் 2 ஆண்டுகள் வரை கொடுக்க 1949 சட்டமே இடம் தருகிறது. கோடையில் தீ பிடித்தால் முதலில் பார்த்துச் சொல்லக்கூடியவர்களும் அவர்கள்தான்.

பாகப்பிரிவினை செய்தாக வேண்டும் என்ற நிலை வந்தால், காட்டைத் துண்டு போடாமல் மொத்தமாக உங்கள் பங்கில் வைத்து, காபித் தோட்டத்தில் அண்ணனுக்குக் கூடுதலாகக் கொடுக்க முடியுமா என்று பேசிப் பாருங்கள். காடு அறிவிப்பில் இருந்தால், பத்திரம் எழுதும் முன்பே ஆட்சியர் குழுவுக்கு மனுக் கொடுத்துவிடுங்கள். பாகப்பிரிவினை விற்பனை ஆகாது என்று வாதிடலாம்தான், ஆனால் சார்பதிவாளர் மேசையில் போய் அந்த வாதத்தைத் தொடங்குவது வீண் அலைச்சல்.