கிட்டார் வாசிச்சா உடம்பு வலிக்குதா? – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விங்க முக்கால்வாசி ஸ்கேல் (ஸ்வர வரிசை), கார்டு (சேந்து ஒலிக்கற சில ஸ்வரங்க) பத்தி இல்ல, வலிய பத்திதான். அதனால இந்த மாசம் முழுக்க உக்கார்ற விஷயத்துக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: மாஸ்டர், யூடியூப் பாத்து அக்கூஸ்டிக் கிட்டார் கத்துக்கறேன். ரூம்ல கட்டில்ல உக்காந்து செல்போன தலகாணில சாச்சு வெச்சு வாசிப்பேன். அரை மணி நேரத்துல இடுப்பும் வலது தோளும் புடிச்சிக்குது, எஃப் கார்டு புடிச்சா இடது மணிக்கட்டும் வலிக்குது. போகப் போக பழகிடும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. பழகிடுமா?
– கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

பழகாது தம்பி. பழகற வலி ஒண்ணே ஒண்ணுதான், இடது கை விரல் நுனில வர்ற வலி. ஸ்டீல் ஸ்ட்ரிங்க அழுத்தி அழுத்தி சில வாரத்துல அங்க தோல் தடிச்சு காய்ப்பு ஏறிடும், அப்புறம் தெரியாது. இடுப்பு, தோள், மணிக்கட்டு, கட்டை விரலோட அடிப்பக்கம் இங்கெல்லாம் வலிச்சா அது வேற கதை, உக்கார்ற விதத்துல ஏதோ சரியில்லன்னு அர்த்தம், பல்ல கடிச்சிக்கிட்டு வாசிச்சு தாண்டிடலாம்னு நெனச்ச நல்ல திறமையான பசங்க மாசக்கணக்குல கிட்டார தொட முடியாம போனத பாத்திருக்கேன், அதனாலதான் இவ்ளோ அழுத்தி சொல்றேன்.

மொதல்ல கட்டில விட்டு எறங்குங்க. மெத்த அமுங்கும், இடுப்பு முட்டிய விட கீழ போயிடும், இடுப்பெலும்பு பின்பக்கமா சாயும், அப்புறம் நீங்க எவ்ளோ நிமிந்து உக்காரணும்னு நெனச்சாலும் முதுகு கூன் போட்டுத்தான் ஆகும். அதுல போன் வேற கீழ இருக்கு. மனுஷன் தலை நாலரை அஞ்சு கிலோ இருக்கும், அத முன்னாடி தொங்க விட்டுட்டு மணிக்கணக்குல இருந்தா கழுத்தும் தோளும்தான் அத இழுத்து புடிக்கணும். போன ஜன்னல் திட்டுலயோ அலமாரிலயோ கண்ணு மட்டத்துக்கு வைங்க, செலவில்லாத வேலை.

சேர் எப்படி இருக்கணும்னா, கை வெக்கிற பிடி இருக்கக்கூடாது, சீட்டு கெட்டியா இருக்கணும், உக்காந்தா ரெண்டு பாதமும் தரையில முழுசா படணும், முட்டி இடுப்பு மட்டத்துலயோ கொஞ்சம் கீழயோ இருக்கணும். வீட்டுக்கு வீடு இருக்கற அந்த பிளாஸ்டிக் நாற்காலி இதுக்கு ஆகாது, சீட்டு பின்னாடி சரிஞ்சிருக்கும், கைப்பிடி கிட்டார்ல இடிக்கும், இடிக்காம இருக்க நீங்க உடம்ப திருகுவீங்க. சாதாரண பிளாஸ்டிக் ஸ்டூல் எவ்வளவோ மேல். உக்காரும்போது சீட்டோட முன் பாதியில உக்காருங்க, சாய வேணாம்.

இப்ப கிட்டாருக்கு வருவோம். எல்லா பதிலுக்கும் அடிப்படை இதுதான்: கிட்டார்தான் உங்க உடம்புகிட்ட வரணும், உங்க உடம்பு கிட்டாருக்காக வளையக்கூடாது. முதல்ல கிட்டார் இல்லாம ஒழுங்கா உக்காருங்க, தோள் ரெண்டையும் தளர விடுங்க, அப்புறம் கிட்டார எடுத்து அந்த உடம்புமேல பொருத்துங்க. எல்லாரும் இத தலைகீழா பண்றாங்க, கிட்டார தொடை மேல போட்டுட்டு அது எங்க நிக்குதோ அங்க போயி குனிஞ்சிக்கறாங்க.

கிளாசிக்கல்காரங்க இந்த விஷயத்துல ரொம்ப மெனக்கெட்டிருக்காங்க. ஸ்பெயின்ல டியோனிசியோ அகுவாடோன்னு ஒருத்தர் (1784–1849), கிட்டார உடம்பு தாங்கவே வேணாம்னு அதுக்குன்னு மூணு கால் ஸ்டாண்டே பண்ணாரு. அவருக்கு அப்புறம் வந்த தாரேகா (1852–1909) காலத்துலேர்ந்து இடது பாதத்துக்கு கீழ சின்ன முக்காலி வெச்சு, கிட்டார இடது தொடை மேல வெச்சு, கிட்டாரோட கழுத்துப்பக்கம் மேல ஏறி இருக்கற மாதிரி வாசிக்கறது வழக்கமாச்சு. தலைப்பக்கம் கிட்டத்தட்ட உங்க கண்ணு மட்டத்துக்கு வரும். அப்படி வந்தா இடது மணிக்கட்டு மடங்காம நேரா இருக்கும், உங்க எஃப் கார்டு பிரச்சனைக்கு பாதி மருந்து இதுலயே இருக்கு. மணிக்கட்டுக்குள்ள ஒரு குறுகலான வழியிலதான் விரல மடக்கற தசைநாண் எல்லாம் போகுது, கூடவே உணர்ச்சிக்கான நரம்பும் போகுது, மணிக்கட்ட நல்லா மடக்கி வெச்சிட்டு விரல வேற இறுக்குனா உள்ள அழுத்தம் ஏறிடும்.

முக்காலி வாங்க காசு வேணாம். செங்கல் ஒண்ணு எடுத்து துணி சுத்தி வைங்க, படுக்க வெச்சா 3 இன்ச் உயரம், பக்கவாட்டுல நிறுத்துனா நாலரை, உங்க கால் நீளத்துக்கு எது சரியோ பாத்துக்கலாம். ஆனா ஒரு காலயே தூக்கி வெச்சிட்டு தெனம் ரொம்ப நேரம் உக்காந்தா இடுப்பு ஒரு பக்கமா சாஞ்சு அதுலயும் சிலருக்கு வலி வரும். அதனால என் ஓட்டு ஸ்ட்ராப்புக்குத்தான், அதாவது கிட்டார தோள்ல மாட்டற பட்டைக்கு. உக்காந்து வாசிக்கும்போதும் ஸ்ட்ராப் மாட்டுங்க, ரெண்டு பாதமும் தரையிலயே இருக்கட்டும், கழுத்துப்பக்கம் கொஞ்சம் மேல ஏறி நிக்கற அளவுக்கு ஸ்ட்ராப்ப சுருக்குங்க. சரியா இருக்கான்னு பாக்க இடது கைய அப்படியே எடுத்துடுங்க. கிட்டார் தலை கீழ சாயுதா? அப்ப இவ்ளோ நாளா உங்க இடது கைதான் கிட்டார தூக்கிட்டு இருந்திருக்கு, அதே கை கார்டும் புடிக்கணும்னா எப்படி வலிக்காம இருக்கும்?

வலது தோளுக்கு காரணம் உங்க கிட்டாரோட சைஸ். ட்ரெட்நாட்ங்கற பெரிய பாடி வகையா இருக்கணும்னு நெனக்கறேன், கீழ் பக்கம் அகலம் 40 செ.மீ. கிட்ட, ஆழம் 12 செ.மீ. வரும், அத்தனையும் தாண்டி கைய போடணும்னா தோள் காதுகிட்ட ஏறிடும். கிட்டார கொஞ்சம் வலது பக்கமா தள்ளி, அடிப்பாகத்த உடம்போட ஒட்டாம லேசா வெளியில திருப்பி வெச்சு பாருங்க, தோள் தானா எறங்கும். அடுத்த தடவை வாங்கும்போது இடுப்பு குறுகலான சின்ன பாடியா பாத்து வாங்குங்க.

இன்னொண்ணு, இது நம்ம ஊர் விஷயம். கிட்டார் மரத்துக்கு 45லேர்ந்து 55 சதவீதம் ஈரப்பதம் இருந்தா நல்லது, பாண்டி கடலூர் கடல் காத்துல பெரும்பாலும் அதுக்கு மேலதான் இருக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில கேக்கவே வேணாம். மரம் ஈரம் குடிச்சு மேல்பலகை உப்பும், ஸ்ட்ரிங் ஃப்ரெட்ட (கழுத்துல குறுக்க பதிச்சிருக்கற உலோகக் கம்பி) விட்டு உயரும், நீங்க போன மாசத்த விட அதிகமா அழுத்துவீங்க, அந்த அழுத்தம் மணிக்கட்டு வழியா தோள் வரைக்கும் போகும். ஒரு ஸ்கேல் எடுத்து 12ஆவது ஃப்ரெட்ல தடிச்ச ஸ்ட்ரிங்குக்கு கீழ இருக்கற இடைவெளிய அளந்து பாருங்க. ரெண்டரை மி.மீ. சுத்தி இருந்தா ஓகே, 3ஐ தாண்டுனா கிட்டார் ரிப்பேர் பண்றவர்கிட்ட குடுத்து எறக்க சொல்லுங்க. 12 நம்பர் ஸ்ட்ரிங் செட்டுக்கு பதிலா அத விட மெல்லிசான 10 நம்பர் போட்டாலும் நல்லா எளகும். வாசிச்சு முடிச்சதும் ஸ்ட்ரிங்க துடைச்சு பைக்குள்ள வெச்சிடுங்க.

20 நிமிஷத்துக்கு ஒருக்கா அலாரம் வெச்சு எழுந்திரிங்க, தண்ணி குடிச்சிட்டு தோள சுத்திட்டு வந்து திரும்ப உக்காருங்க.

கேள்வி: என் பையனுக்கு 9 வயசு. அவங்க அப்பா வாசிச்ச கிட்டார்லயே கிளாஸ் போறான். வாசிக்கும்போது ஒரு பக்கமா சாஞ்சு, கிட்டாருக்கு பின்னால ஒளிஞ்சிட்டு இருக்கற மாதிரி உக்கார்றான். நிமிந்து உக்காருடான்னு சொல்லி சொல்லி அலுத்துட்டேன் சார்.
– ஒரு அம்மா, மஞ்சக்குப்பம், கடலூர்

அவன திட்டாதீங்கம்மா, அவன் மேல தப்பில்ல. அப்பா சட்டைய பையனுக்கு மாட்டி விட்ட கதைதான் இது. பெரியவங்க கிட்டார்ல ஸ்ட்ரிங் நீளம் 65 செ.மீ. வரும், முதல் ஃப்ரெட்ட தொட அவன் கைய முழுசா நீட்டணும், நீட்டுனா தோள் போகும், தோள் போனா முதுகு சாயும். 9 வயசுக்கு முக்கால் சைஸ் கிட்டார் வாங்குங்க, அதுல 58 செ.மீ. கிட்ட இருக்கும். நைலான் ஸ்ட்ரிங்கா இருந்தா இன்னும் நல்லது, விரலுக்கு மெத்துனு இருக்கும். கடையில அவன உக்கார வெச்சு பாத்து வாங்குங்க, இடது கை முதல் ஃப்ரெட்ல இருக்கும்போது முழங்கை கொஞ்சமாவது மடங்கி இருக்கணும். கால் தரைக்கு எட்டலன்னா பாதத்துக்கு கீழ மணக்கட்டை போடுங்க, தொங்கற காலோட யாராலயும் நேரா உக்கார முடியாது. ஒரே மூச்சா ஒரு மணி நேரம் வேண்டாம், காலையில 10 நிமிஷம் சாயந்தரம் 10 நிமிஷம் போதும்.

கேள்வி: ரிட்டையர் ஆனப்புறம் கிட்டார் ஆசை வந்திருக்கு. சின்ன வயசுல வீணை கத்துக்கிட்டதால தரையில சம்மணம் போட்டு உக்காந்தாதான் எனக்கு வாசிக்க வரும். கிட்டாருக்கு சேர் கட்டாயமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

கட்டாயமே இல்லம்மா. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மேற்கத்திய வாத்தியத்த மேடையில சம்மணம் போட்டு உக்காந்துதானே வாசிச்சாரு. ஆனா மாண்டலின் சின்னது, கிட்டார் பாடி பெருசு, அதனால ரெண்டு விஷயம் கவனிங்க. வெறும் தரையில உக்காராம போர்வைய மடிச்சு மூணு நாலு இன்ச் உயரத்துக்கு போட்டு அதோட விளிம்புல உக்காருங்க, முட்டி ரெண்டும் இடுப்ப விட கீழ எறங்கணும், எறங்கலன்னா முதுகு வளையும். ரெண்டாவது, மடி தாழ்வா இருக்கறதால கிட்டார் கீழ போயிடும், ஸ்ட்ராப் மாட்டி நெஞ்சுப்பக்கமா தூக்கிக்கோங்க. கால மாத்தி மாத்தி மடக்குங்க. முட்டி வலி இருந்தா மட்டும் பிடிவாதம் புடிக்காம ஸ்டூலுக்கு வந்துடுங்க. சின்ன வயசுல வீணையில பழகுன விரல், உங்களுக்கு சீக்கிரமே வரும், நிச்சயமா.

கேள்வி: சர்ச் கொயர்ல கிட்டார் வாசிக்கறேன். கொஞ்ச நாளா இடது சுண்டு விரல் மரத்துப் போகுது, ராத்திரி தூக்கத்துலயும் மரக்குது. வெந்நீர் ஒத்தடம் குடுத்தா போதுமா?
– வாசகர், முத்தியால்பேட்டை

போதாது, டாக்டர பாருங்க, தள்ளிப் போடாதீங்க. சுண்டு விரலும் மோதிர விரல்ல பாதியும் மரத்தா பெரும்பாலும் முழங்கை பக்கம் போற நரம்புல அழுத்தம், கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல்னா மணிக்கட்டுல. எதுன்னு நீங்களோ நானோ முடிவு பண்ணக்கூடாது. ஜிப்மரோ உங்க பக்கத்து ஆஸ்பத்திரியோ போயி எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க, கிட்டார் வாசிக்கறேன்னு சொல்லி எப்படி புடிப்பீங்கன்னு கையில செஞ்சும் காட்டுங்க. தேவைப்பட்டா நரம்பு டெஸ்ட் எழுதுவாங்க. அதுவரைக்கும் கொயர்ல வேற ஒருத்தர வாசிக்க சொல்லுங்க, முழங்கைய மடக்கி தலைக்கு கீழ வெச்சு தூங்காதீங்க, போன ரொம்ப நேரம் காதுல வெச்சு பேசாதீங்க.

கேள்வி: ஜூன் 21 ஃபெத் தெ லா மியூசிக்குக்கு எங்க பேண்ட் வாசிக்கப் போறோம். வீட்ல உக்காந்தேதான் பிராக்டிஸ் பண்றேன், மேடையில நின்னா கை எல்லாம் எடம் மாறிடுது. என்ன பண்ணலாம்?
– வாசகர், நெல்லித்தோப்பு

பிரான்ஸ்ல 1982ல ஆரம்பிச்சு நம்ம பாண்டி வரைக்கும் வந்த விழா அது, நல்லா வாசிங்க தம்பி. பிரச்சனை ஸ்ட்ராப் நீளம்தான். உக்காந்து சரியா பொருத்துன நிலையில ஸ்ட்ராப்ப மாட்டி அளவு வைங்க, அப்புறம் அப்படியே எழுந்திரிங்க, கிட்டார் இம்மி கூட கீழ எறங்கக்கூடாது. தொடை வரைக்கும் தொங்க விட்டு வாசிக்கறது பாக்க ஸ்டைலா இருக்கும், ஆனா இடது மணிக்கட்டு மடங்கிதான் ஆகணும், அதுல நீளமா ஒரு செட் (வரிசையா பல பாட்டு) வாசிச்சா மறுநாள் தெரியும். எலக்ட்ரிக் கிட்டார் மூணரை நாலு கிலோ வரைக்கும் இருக்கும், அதனால மூணு இன்ச் அகல ஸ்ட்ராப்பா பாருங்க, குறுகலா இருந்தா தோள அறுக்கும். ஜூன் பொறந்ததுலேர்ந்து தெனமும் கடைசி கால் மணி நேரம் நின்னுக்கிட்டே, ஷூவும் போட்டுக்கிட்டு, முழு செட்டையும் வாசிச்சு பாருங்க, பக்கவாட்டுல போன் வெச்சு வீடியோ எடுத்தா தோள் எந்த பாட்டுல ஏறுதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.