நிறுவனங்களில் அடையாள, அணுகல் மேலாண்மைத் திட்டங்கள் ஏன் தோற்கின்றன?

எந்த ஊழியர் எந்தக் கணினி அமைப்புக்குள் நுழையலாம், அங்கே என்ன செய்யலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் இந்தத் திட்டம், நல்ல மென்பொருள் வாங்கியும் ஏன் படுத்துவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் கோளாறு ஹெச்ஆர் (மனிதவளத் துறை) தரவில்தான் இருக்கிறது. ஒருவர் வேலையை விட்டதை இரண்டு வாரம் கழித்துப் பதிவு செய்தால், அதுவரை அவருடைய கணக்கு திறந்தேதான் கிடக்கும். ஒப்பந்த ஊழியர்கள் பல இடங்களில் ஹெச்ஆர் பட்டியலிலேயே இருப்பதில்லை.

அப்புறம், துறை மாறுபவர்கள். கணக்குப் பிரிவிலிருந்து கொள்முதலுக்குப் போனவரிடம் பழைய அனுமதியும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆர்டர் போடுவதும் பணம் விடுவிப்பதும் ஒரே கையில் சேர்ந்துவிடும். யாரிடம் என்ன அனுமதி இருக்கிறது என்று மேலாளர்கள் பார்க்கும் காலாண்டு மறுஆய்வில் இது சிக்க வேண்டும். ஆனால் மேலாளருக்கு 300 வரி எக்ஸெல் போனால், எல்லாவற்றுக்கும் டிக் அடித்துத் திருப்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 'எஃப்ஐ-ஏபி-03' என்ற அனுமதிப் பெயரைப் பார்த்து அவர் என்ன முடிவெடுப்பார்?

அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் குழாய் நிறுவனத்தின் கணினிகளுக்குள் 2021-இல் தாக்குதல்காரர்கள் நுழைந்தது, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய விபிஎன் (வெளியிலிருந்து நிறுவன நெட்வொர்க்குக்குள் வரும் வழி) கணக்கு வழியாக. அதற்கு, கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சோதனை கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் இல்லை. அந்த நிறுவனம் எரிபொருள் குழாயையே சில நாள் நிறுத்திவைத்தது.

ஆகவே முதல் கட்டத்தில் வெளியேறுபவர்களின் கணக்கை அன்றே மூடுவதை மட்டும் எடுங்கள். எல்லாச் செயலிகளையும் ஒரே மூச்சில் இந்த மென்பொருளோடு இணைக்கப் போகாதீர்கள்.