நானேதான் குடிச்சேன், கேஸ் நிக்குமா?

கேள்வி: காலேஜ் மூணாவது வருஷம், வயசு 20. ஃப்ரெண்ட் பர்த்டேக்கு ஈ.சி.ஆர்ல ஒரு வில்லா எடுத்திருந்தாங்க. நானும் குடிச்சேன், யாரும் வற்புறுத்தல. ஃபைனல் இயர் சீனியர் ஒருத்தன் "நான் படுக்க வைக்கறேன்"னு மாடிக்கு கூட்டிட்டுப் போனது அரைகுறையா ஞாபகம் இருக்கு. காலைலதான் என்ன நடந்துச்சுன்னு புரிஞ்சுது. 11 நாள் ஆச்சு. கூட வந்த ரெண்டு பேரும் என்னை விட்டுட்டு கேப்ல போயிட்டாங்க. வார்டன் எல்லார் முன்னாடியும் அசிங்கமா திட்டி மன்னிப்பு லெட்டர் கேக்கறாங்க. ஜூஸ்ல ஏதோ கலந்துட்டான்னு கம்ப்ளைன்ட் குடுன்னு அக்கா சொல்றா. என்ன பண்றது?

பதில்: ஃப்ரெண்ட்ஸ் விட்டுட்டுப் போனது, வார்டன் திட்டினது எல்லாம் வலிக்கும்தான்மா, ஆனா கேஸுக்கு அது தேவையில்ல, ஓரமா வைங்க. பார்க்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, அந்த நேரத்துல சம்மதம் சொல்ற நிலைமைல நீங்க இருந்தீங்களா. போதைல என்ன நடக்குது, அதோட விளைவு என்னன்னு புரியாத நிலைல குடுத்த சம்மதம் சம்மதமே இல்லன்னு இப்போதைய குற்றச் சட்டமான பி.என்.எஸ்.ஸோட 63வது பிரிவு, அதாவது பாலியல் வன்கொடுமை பத்தின பிரிவு, சொல்லுது, பழைய ஐ.பி.சி. 375லயும் இதேதான். அவன் ஊத்திக் குடுத்தானா நீங்களா குடிச்சீங்களான்னு அதுல பிரிச்சுப் பார்க்கல. எதிர்த்துப் போராடலங்கறதும் சம்மதம் ஆகாது.

அதனால அக்காவோட ஜூஸ் கதை வேண்டவே வேண்டாம். நான் பயப்படறது இதுக்குத்தான். என்கிட்ட வந்த ஒரு பொண்ணு வீட்டுக்குப் பயந்து "கூல்ட்ரிங்ஸ் மட்டும்தான் குடிச்சேன்"னு எஃப்.ஐ.ஆர்ல சொல்லிட்டா. கோர்ட்ல குறுக்கு விசாரணைல எதிர்த்தரப்பு வக்கீல் பார்ட்டி வீடியோவை போட்டுக் காட்டினார், கைல கிளாஸோட சிரிச்சுக்கிட்டு நிக்கறா. அதுக்கப்புறம் அவ சொன்ன உண்மையும் எடுபடல. நீங்க குடிச்சதுதான் உங்க கேஸுக்கே ஆதாரம், அதையே மறைச்சா கைல என்ன இருக்கு?

ஞாபகம் இல்லாத இடத்தை இல்லன்னே சொல்லுங்க, ஸ்டேஷன்லயும் சரி மாஜிஸ்திரேட் முன்னாடி பி.என்.எஸ்.எஸ்.ங்கற குற்ற விசாரணைச் சட்டத்தோட 183வது பிரிவுல குடுக்கற ஸ்டேட்மென்ட்லயும் சரி. அடுத்தவங்க சொன்னதை வச்சு நிரப்பினீங்கன்னா "இவ்வளவு ஞாபகம் இருக்கே, அப்புறம் எங்க போதை?"ன்னு ஒரே கேள்வில முடிச்சிடுவாங்க.

அப்போ நிலைமையை நிரூபிக்கறது யாரு? நீங்க திட்டிக்கிட்டு இருக்கற அதே ரெண்டு ஃப்ரெண்ட்ஸ்தான். வாந்தி எடுத்தீங்களா, படியில தடுமாறினீங்களா, ராத்திரி ஒரு மணிக்கு அர்த்தமே இல்லாம மெசேஜ் டைப் பண்ணீங்களான்னு அவங்கதான் சொல்லணும், அவங்க கேப் கிளம்பின நேரம் போன்லயே இருக்கும். பிளாக் பண்ணியிருந்தா அன்பிளாக் பண்ணுங்க, சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். வில்லா சி.சி.டி.வி. பல இடத்துல பதினஞ்சு நாள், ஒரு மாசத்துல தானா அழிஞ்சிடும், உங்களுக்கு 11 போயாச்சு. இன்னும் யோசிச்சுக்கிட்டே இருக்காதீங்க.

வார்டனோட மோதாதீங்க, அங்க சமாதானமா போயிடுங்க. ஃபைன் கட்டச் சொன்னா கட்டுங்க, ரூமை காலி பண்ணச் சொன்னா டெபாசிட்டை வாங்கிக்கிட்டு வெளியே பி.ஜி. பாருங்க. ஆனா அந்த லெட்டர்ல "என் விருப்பத்தோட அவர் கூட போனேன்"னு ஒரு வரி சொல்லி எழுத வைப்பாங்க பாருங்க, அது அப்படியே பெயில் மனுவுல போய் நிக்கும். எனக்குக் காட்டாம எதுலயும் கையெழுத்து வேண்டாம். அவனுக்கு மெசேஜும் போடாதீங்க, ஏற்கனவே போட்டிருந்தா டெலீட் பண்ணாதீங்க.

அவன் வீட்டுல இருந்து பெரியவங்க யாராவது பேச வருவாங்க. இது சமரசம் பண்ணக்கூடிய குற்றமே இல்ல, சமரசத்தைக் காட்டி தண்டனையை குறைக்கவும் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2013லயே சொல்லியாச்சு. ஒரு ரூபாய் வாங்கினாலும் பணம் பறிக்கப் போட்ட கேஸுன்னு உங்க மேலயே திருப்புவாங்க. பெயில் நேரத்துல கண்டதும் காதுல விழும், அதுக்கும் தயாரா இருங்க. 2025ல அலகாபாத் ஹைகோர்ட் பார்ல குடிச்ச ஒரு மாணவியைப் பத்தி, வம்பை அவளே வரவழைச்சுக்கிட்டான்னு பெயில் ஆர்டர்லயே எழுதிச்சு, அப்புறம் சுப்ரீம் கோர்ட் அந்தப் பேச்சை கண்டிச்சுது.

காலேஜ்ல பாலியல் புகாரை விசாரிக்கற உள் கமிட்டி (ஐ.சி.சி.)கிட்ட புகார் குடுக்க சம்பவம் நடந்த நாள்ல இருந்து மூணு மாசம் டைம் இருக்கு, அதை தனியா குடுத்துக்கலாம், எஃப்.ஐ.ஆர் முதல்ல.

ஹாஸ்டல்ல மத்த பொண்ணுங்களுக்கும் இதைச் சொல்லுங்க. கும்பலா போனா ஒருத்தி குடிக்காம இருக்கணும், அவதான் கடைசியா கிளம்பணும், "நான் படுக்க வைக்கறேன்"னு வர்றவன்கிட்ட யாரையும் ஒப்படைக்கக் கூடாது. அப்படியும் நடந்துட்டா குளிக்காம அன்னிக்கே ஆஸ்பத்திரி, பிளட் யூரின் ரெண்டும் எடுக்கச் சொல்லணும், மதுவோட தடயம் சில மணி நேரத்துலயே கரைஞ்சிடும். பிரைவேட் ஆஸ்பத்திரியும் இலவசமாத்தான் பார்க்கணும், சட்டம் அப்படி.

உங்க விஷயத்துல அந்த நேரம் தாண்டியாச்சு, இருந்தாலும் டாக்டரைப் பாருங்க. அன்னிக்குப் போட்டிருந்த டிரெஸ் இன்னும் துவைக்காம இருந்தா பேப்பர் கவர்ல போட்டு வைங்க, பிளாஸ்டிக் வேண்டாம், ஈரம் கோத்துக்கும்.